ஒரு சாண் குறைவு

நண்பர் அட்டைப் பெட்டியைத் திறந்து, நுரைப் பொதிவுக்குள் படுத்திருந்த எஞ்சினை இரண்டு விரலால் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தார். என் வாயிலிருந்து ஒரு ‘அடடா’ வரும் என்று காத்திருந்தார். எனக்கோ, என்ன சாபமோ, முதலில் கண்ணில் பட்டது சக்கரங்கள்தான். “என்னங்க இது, கால ஒட்ட வச்சுக்கிட்டு நிக்குது?” என்றேன். மனிதர் எஞ்சினை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். காபி வந்த பிறகுதான் மறுபடி திறந்தார்.

அது டபிள்யூடிஎம்-2. ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் பெயர் தெரியாமலே பார்த்திருக்கக்கூடிய எஞ்சின். ஒரு பக்கம் நீள மூக்கு, மறுபக்கம் குட்டை மூக்கு, இரண்டுக்கும் இடையில் டிரைவர் அறை. நிஜத்தில் 17 மீட்டர் நீளம். நண்பர் வைத்திருப்பது அதை 87-ஆல் வகுத்த உருவம். இருபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னல், கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு, பஃபர் எல்லாமே 87-இல் ஒரு பங்கு. சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம் மட்டும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.26 வரவேண்டும். பொம்மைத் தண்டவாளத்தின் அகலமோ 16.5. எச்ஓ என்று உலகம் முழுக்க வழங்கும் அளவு அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் இருக்கிற 1435 மில்லிமீட்டர் பாதையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. நமக்கு இரண்டே முக்கால் மில்லிமீட்டர் இடிக்கிறது.

இரண்டே முக்கால் மில்லிமீட்டர் ஒரு குறையா என்று நண்பர் கேட்டார். அதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள் என்றேன். 24 சென்டிமீட்டர். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து மேசைமேல் வைத்துக் காட்டினேன். ஒரு சாண்.

இந்த ஒரு சாணுக்குப் பின்னால் டல்ஹவுசி பிரபு இருக்கிறார். இந்தியாவில் ரயில் போட யோசித்த காலத்தில் பாதை ஆறடி அகலம் இருக்கட்டும் என்றவர் அவர். பேரம் ஐந்தரை அடியில் முடிந்தது. இங்கிலாந்துப் பாதைக்கு மேல் ஒன்பதரை அங்குலம் கூடுதல். அந்த ஒன்பதரை அங்குலம் இன்று சேலத்தில் ஒரு வீட்டு மாடியறையில் என் நண்பரின் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

அவரைச் சமாதானப்படுத்த நான் ஆங்கிலேயர்களைத் துணைக்கு இழுத்தேன். அவர்கள் கதை இன்னும் கேவலம். பிரிட்டிஷ் எஞ்சின்கள் உடம்பில் சிறியவை. அந்தக் காலத்து மின்மோட்டார் 87-இல் ஒரு பங்கு உடம்புக்குள் நுழைய மறுத்தது. ஆகவே உடம்பை மட்டும் 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கினார்கள். தண்டவாளத்தை மாற்றச் சோம்பல், அதே 16.5. எண்பது தொண்ணூறு வருஷமாக அந்த நாட்டில் பொம்மை ரயில் விடுகிறவர்களில் பெரும்பாலோர், சொந்த ஊர்ப் பாதையின் அகலத்தையே தவறாகப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரயிலைக் கண்டுபிடித்தவர்களுக்கே இந்தக் கதி. நண்பர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

சின்னதாக்குவது எளிய வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்தால் போயிற்று. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முரண்டு பிடிக்கிறது. நிஜ எஞ்சினின் எடை 112.8 டன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறைத்தால் எடையை 87-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். விடை 171 கிராம். அந்த எடையில் செய்தால் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காது, இருந்த இடத்திலேயே சுற்றும். அதற்காக உள்ளே உலோகக் கட்டையை வைத்துக் கனமாக்குகிறார்கள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். கணக்குக்கு இரண்டு மடங்குக்கும் மேலேயே இருந்தது. வேகத்திலும் அப்படித்தான். கூட்ஸ் வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது என்றால், நண்பரின் மேசையில் அது நொடிக்கு 13 சென்டிமீட்டர். கரப்பான்பூச்சி முந்திக்கொண்டு போய்விடும். யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. எல்லாரும் கூட்ஸை எக்ஸ்பிரஸ் வேகத்தில்தான் விடுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொம்மை நிஜத்தைக் காட்டிக்கொடுத்தது. “டீசல் எஞ்சின்னு சொல்றீங்க, ஒரு சொட்டு டீசல் இல்லையே” என்று சீண்டினேன். நண்பர் இதற்காகவே காத்திருந்தவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிஜ எஞ்சினிலும் டீசல் சக்கரத்தைச் சுற்றுவதில்லை என்றார். பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத்திறன், அத்தனையும் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுவதற்கு. அந்த மின்சாரம் கீழே ஆறு அச்சுகளில் இருக்கும் ஆறு மோட்டார்களுக்குப் போகும். அவைதான் வண்டியை இழுக்கும். சொந்தமாக ஒரு மின் நிலையத்தை முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிற மின்சார எஞ்சின். அதற்கும் நேர்மின்சாரம், பொம்மைக்கும் நேர்மின்சாரம், 12 வோல்ட். பொம்மை தன் மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதிக நேரம் இல்லை. புகை எங்கே என்று கேட்டேன்.

இந்த எஞ்சினின் அடையாளமே புகைதான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடியில் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 1962-இல் கப்பலேறி வந்தது. 1964 முதல் வாரணாசியில் நாமே செய்ய ஆரம்பித்தோம். ஆல்கோ எஞ்சின்களுக்கு அமெரிக்க ரயில் பித்தர்கள் ‘கௌரவ நீராவி எஞ்சின்’ என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். டிரைவர் விசைப்பிடியில் ஒரு நாட்ச் ஏற்றினால் எண்ணெய் உடனே பாயும். ஆனால் காற்றை அழுத்திக் கொடுக்கிற டர்போ சுழன்று வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த எண்ணெய் கன்னங்கரேலென்று வானத்துக்குப் போகும். நிலையத்தை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கரித்தூண் எழும். ஆல்கோ 1969-இல் எஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டது. வாரணாசியில் அதற்குப் பிறகும் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். இந்த வகையில் மட்டும் 2000-க்கும் மேல். பெற்ற வீடு பூட்டிய பிறகு புகுந்த வீட்டில் கோலோச்சிய பெண் மாதிரி.

பொம்மையில் புகை இல்லை. சத்தம் உண்டு, ஒரு சின்னச் சில்லிலிருந்து. நிஜ எஞ்சின் சும்மா நிற்கும்போது போடும் குதிரை நடைச் சத்தத்தைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பக்கத்து வீட்டில் மிக்ஸியில் சட்னி அரைப்பதுபோல் இருந்தது. இதை நண்பரிடம் சொல்லவில்லை. நட்பு என்று ஒன்று இருக்கிறதே.

இந்த எஞ்சினைப் பற்றி எனக்கு இவ்வளவு வீம்பு ஏன் என்றால், அது எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் எனக்குப் பழக்கம். பெயரிலுள்ள ‘எம்’ கலப்பு என்பதைக் குறிக்கிறது. பயணிகள் வண்டியும் இழுக்கும், சரக்கும் இழுக்கும். ஆனால் எனக்கு அது கூட்ஸ் எஞ்சின்தான். எக்ஸ்பிரஸ் போகும்போது எஞ்சினை யார் பார்த்தார்கள்?

சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பா ஒரு நூல் மில்லில் கணக்கப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு என்னை சைக்கிளின் முன்பாரில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். கேட் போட்டிருந்தால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். சிலர் சைக்கிளைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைந்து போவார்கள். அப்பா போகமாட்டார். இறங்கி, ஸ்டாண்டு போட்டு, சட்டைப்பையிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுப்பார். “எண்ணுடா” என்பார். தானும் எண்ணுவார், உதடு அசையாமல்.

அந்தக் காலத்துக் கூட்ஸில் நாலு சக்கரப் பெட்டிகள் நிறைய. குட்டை குட்டையாக, எண்ணுவதற்குள் நழுவிப் போகும். எஞ்சின் கேட்டைத் தாண்டும்போது நெஞ்சுக்கூடு அதிரும். அதில் முதல் இரண்டு மூன்று பெட்டி தப்பிவிடும். மூடிய பெட்டி, திறந்த பெட்டி, எண்ணெய் டாங்க், மறுபடி மூடிய பெட்டி. நாற்பதைத் தாண்டும்போது யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். அப்பா பதில் சொல்லமாட்டார், விரலை மட்டும் தூக்குவார். கடைசியில் கார்டு பெட்டி வரும். வெள்ளைச் சட்டை போட்ட கார்டு வாசலில் நின்றுகொண்டு, உலகத்தில் தனக்கு எந்த அவசரமும் இல்லை என்பதுபோல் எங்களைப் பார்த்துக்கொண்டே போவார்.

ஒருநாள் நான் அறுபத்து நாலு என்றேன். அப்பா அறுபத்து மூன்று என்றார். வழக்கமாக நான்தான் தப்பு. ஆனால் அன்று எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தைவரை வாதாடினேன். கத்தரிக்காய்க்காரியிடம்கூட நியாயம் கேட்டேன். திரும்பி வரும் வழியில்தான் தகராறு எங்கே என்று தெரிந்தது. அப்பா கார்டு பெட்டியை எண்ணவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே எண்ணியதில்லை. இத்தனை நாள் எங்கள் கணக்கு ஒத்துப்போனபோதெல்லாம் நான் ஒன்றைத் தவறவிட்டிருந்தேன்.

“அதுவும் பெட்டிதானே?” என்றேன்.

“சரக்கு ஏறாத பெட்டிக்கு வாடகை எழுத முடியாதுடா” என்றார்.

“கார்டு ஏறியிருக்காரே?”

“அவர் சரக்கா?”

இதற்கு எட்டு வயதில் பதில் இல்லை. கண்ணீர் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இப்போது சில கூட்ஸ் வண்டிகளில் கார்டு பெட்டியையே கழற்றிவிட்டு, கடைசிப் பெட்டியின் வாலில் ஒரு மின்னணுக் கருவியை மாட்டி அனுப்புகிறார்கள். கார்டு என்ற பெயரையும் 2022-இல் ‘டிரெயின் மேனேஜர்’ என்று மாற்றியாயிற்று. அப்பா இருந்திருந்தால் தன் கட்சி ஜெயித்தது என்றிருப்பார்.

பொம்மையில் கொண்டுவர முடியாதது இந்தக் காத்திருப்பைத்தான். இன்றைய நிலக்கரி வண்டி ஒன்றில் 58 பெட்டி. எச்ஓ அளவில் வரிசையாக நிறுத்தினால் ஏழு மீட்டரைத் தாண்டும். நண்பரின் மாடியறை அதைவிடச் சிறியது. எஞ்சின் தன் வண்டியின் வாலையே கடித்துக்கொள்ளும். அதனால் அவர் ஏழெட்டுப் பெட்டிகளோடு நிறுத்திக்கொண்டார். கேட்டும் வைத்திருக்கிறார், நகத்தளவு கேட்கீப்பரோடு. கேட் மூடுகிறது, வண்டி போகிறது, கேட் திறக்கிறது. மூக்குப்பொடி மட்டையைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இப்படிக் குறை சொல்லிக்கொண்டிருக்கையில் வண்டி தடம் பிரியும் பாயிண்டில் ஏறி நின்றுவிட்டது. கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு. ஷார்ட் சர்க்யூட் என்றார் நண்பர். பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். இரண்டு தண்டவாளங்கள் நெருங்கும் இடுக்கில் ஏதோ மினுங்கியது. இடுக்கியால் எடுத்தார். தோட்டுத் திருகாணி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்குக் காரணம் புரியவில்லை. பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. சோழ நாட்டு ஊர் ஒன்றில் வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி கொத்த வருகிறது. காவலிருக்கும் பெண், கைக்குக் கிடைத்தது அதுதான் என்று தன் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். குழை போய் விழுந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் தேர் உருட்டி வருகிறார்கள். மூன்று சக்கரச் சிறுதேர், குதிரை இல்லை. குழை தடுத்துத் தேர் நின்றுவிடுகிறது. அந்த ஊரில் பகையென்றும் தடையென்றும் இருந்தது இவ்வளவுதானாம்.

பள்ளிக்கூடத்தில் இதைச் செல்வச் செழிப்புக்கு உதாரணம் என்று நடத்தினார்கள்: தங்கத்தை எறிந்துவிட்டு எடுக்காமல் இருக்கிற ஊர். சரிதான். ஆனால் எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல்தான் கண். தேர் ஏன் நின்றது என்று குனிந்து பார்த்திருப்பார்கள் இல்லையா? குழையை எடுத்து ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி உருட்டினார்களா, அல்லது எந்தச் சக்கரம் தடுக்கியது என்று சண்டை போட்டார்களா? புலவர் அதைச் சொல்லவில்லை; அவருக்குக் கரிகாலனைப் பாடும் அவசரம். அந்தத் தேரைச் செய்த தச்சனை நினைத்துப் பாருங்கள். அரசன் தேரை எத்தனையில் ஒரு பங்காக வகுத்தான்? ஒரு சக்கரத்தையே கழற்றிவிட்டிருக்கிறான், குதிரையையும் விட்டுவிட்டான். ஒரு பிள்ளையும் குறை சொன்னதாகப் பாட்டில் இல்லை. சக்கரத்தை அந்தப் பாட்டும் ‘கால்’ என்றுதான் சொல்கிறது. வந்ததும் வராததுமாக நண்பரிடம் நான் சொன்ன அதே சொல்.

நண்பரின் மனைவி காபி டம்ளர் எடுக்க வந்தார். இடுக்கியின் நுனியைப் பார்த்ததும், “அய்யோ, செவ்வாய்க்கிழமையிலேருந்து இதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். துணி காயப்போட வந்தப்ப விழுந்திருக்கும்” என்று பிடுங்கிக்கொண்டு போனார். சங்க காலத்துப் பெண் அளவுக்கு அவருக்கு அலட்சியம் இல்லை. இன்றைய தங்க விலை அப்படி.

சிவப்பு விளக்கு அணைந்தது. எஞ்சின் ஒரு தடவை உதறிவிட்டுக் கிளம்பியது, காலை ஒட்டி வைத்துக்கொண்டே. வளைவில் திரும்பி கேட்டை நோக்கி வந்தது. நகத்தளவு கேட்கீப்பர் நின்றுகொண்டிருந்தான். நண்பர் குழந்தைபோல் என்னைப் பார்த்தார்.

“எட்டுப் பெட்டி. இந்த மாசம் இன்னும் ரெண்டு வாங்கப்போறேன்.”

“ஏழு” என்றேன்.

“எட்டுங்க.” விரல் நீட்டி மறுபடி எண்ணினார். “பாருங்க, எட்டு.”

“கடைசியில போறது கார்டு பெட்டி. அதுக்கு வாடகை எழுத முடியாது.”