வாசலில் விமானம்

வாசலில் கார் நிற்கலாம், மாடு நிற்கலாம். விமானம் நிற்குமோ? கலிபோர்னியாவில் காமெரான் பார்க் என்ற ஊரில் நிற்கிறது, அம்மணி! வீட்டை ஒட்டியே விமானக் கொட்டகை. தெருவழியே உருட்டிப் போய், ஓடுபாதையில் ஏறிப் பறந்துவிடுகிறார்கள். தெருவின் அகலம் 100 அடி! இறக்கை இடிக்காமலிருக்கத் தபால் பெட்டிகூடக் குள்ளமாக இருக்கிறது. போயிங் சாலை, செஸ்னா தெரு என்று பெயர்கள் வேறே.

யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள். 1946-லேயே ஃப்ரெஸ்னோவில் இப்படி ஒரு குடியிருப்பு தோன்றிவிட்டது.

என் கவலையே வேறு. அவர் ஆபீஸிலிருந்து அரைமணி தாமதித்தாலே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பவள் நான். அங்கே வானத்தையல்லவா அண்ணாந்து பார்க்க வேண்டும்! ஆனால், அங்கே பெண்களும் ஓட்டுகிறார்கள். அன்றைக்கு ஐயா கொட்டகை வாசலில் நிற்கட்டுமே!