கடைசிக் கூடை வரைக்கும் நட

பாப்பா, தீபாவளிச் சாமான் வாங்க அடுத்த வாரம் ஈப்போவுக்குப் போகலாமா என்று கேட்டாய். வருகிறேன். போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நெரிசலுக்குள் நுழைந்த பிறகு பேச்சு காதில் விழாது.

இப்போது காம்பாரில் ரயில் ஏறினால் அரை மணியில் ஈப்போ. 2010இல் இடிஎஸ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து உங்களுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி ஆகிவிட்டது. எங்களுக்கோ கோப்பேங் வழியாகப் பஸ்ஸில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை.

உன் கொள்ளுப்பாட்டி, என் அம்மா, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். தீபாவளிக்கு முந்தி வரும் மழை எங்கள் வீட்டுக்குப் பெரிய சோதனை. விடியற்காலையில் மரம் நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. பால் வெட்டின கோட்டில் நிற்காமல் பட்டையெல்லாம் பரவி ஓடிவிடும், பால் பிடிக்கும் மங்குக்கு வந்து சேராது. வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. வருஷத்திலேயே செலவு அதிகமான மாதத்தில் சம்பளம் குறைந்து வரும். முந்தானையில் முடிந்திருந்த அந்தச் சில வெள்ளியோடுதான் அம்மா என்னை ஈப்போ லஹாட் சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவாள்.

தெரு முனையிலேயே வளையல், ரிப்பன், பலகாரம் எல்லாம் என்னை இழுக்கும். அம்மா நிற்க மாட்டாள். "மொதல்ல கடைசி வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்பாள். விலை விசாரிக்கத்தான் நடக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

எட்டு வயதில் ஒருமுறை அவள் கையை விட்டுவிட்டேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டே போய்த் தெருவின் மறுகோடியில் விட்டது. அங்கே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, அழாமல் இருக்க வேலை கொடுத்தார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு. காம்புகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். நனைத்த வாழைநாரைக் காம்பைச் சுற்றி விரலில் வளையமாக்கி இழுக்க வேண்டும். அதிகம் இழுத்தால் காம்பு அறுந்துவிடும், தளர விட்டால் மொட்டு நழுவிவிடும். நான் அரை முழம் கட்டுவதற்குள் அம்மா ஓடி வந்தாள். அடிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

அந்தக் கூடை அப்படியே நிறைந்திருந்தது. "இங்க வந்து சேர்றதுக்குள்ள எல்லாருக்கும் கை நெறஞ்சுடுதும்மா" என்றார் பூக்கார அம்மா. முடிச்சை அவிழ்த்து அம்மா நான்கு முழம் வாங்கினாள். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டுப் பூ கடைசிக் கூடையிலிருந்துதான் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், முதல் சுற்று கையை வீசிக்கொண்டு நட. பட்டியல் பையிலேயே இருக்கட்டும். ஒளி அதிகமான கடையில் நின்றுவிடாதே. யார் கூவுகிறார்கள், யார் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். உனக்கு வேலை கிடைத்த பிறகும், கல்யாண வீட்டுக்குப் போனாலும், இப்படி ஒரு சுற்று நடந்துவிட்டு உட்கார். நான் அப்படித்தான் இருந்து வந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த நல்ல மனிதர்களில் பாதிப் பேர் ஓரத்தில் இருந்தவர்கள்.

பூக்காரர்களிடம் பேரம் பேசாதே. கேமரன் மலைச் செவ்வந்தி லாரியில் இறங்கிவிடும். மல்லிகையோ தமிழ்நாட்டிலிருந்து விமானம் ஏறி வருவது. தீபாவளி நெருங்க நெருங்க அதன் விலை அவர்கள் கையிலும் இல்லை. மலராத மொட்டுச் சரமாகப் பார்த்து வாங்கு, விரிந்த பூ மறுநாள் விடியலுக்குத் தாங்காது.

காலையிலேயே கிளம்பிவிடுவோம். குடை எடுத்துக்கொள். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் முன்கடைகளில் ஒதுங்கி நின்றுவிடுவார்கள். கடைசிக் கூடைப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள்.