கழியும் கடலும்

ஆழத்தால் ஆழி, பரப்பால் பரவை, ஒலியால் ஆர்கலி எனக் கடலுக்கு நம் முன்னோர் பல பெயர் வழங்கினர். ஆயினும் நெய்தற் பாட்டைப் பயிலுந்தோறும் கடலோடு கழியும் இடையறாது வரக் காண்கின்றோம். உவர்ச் சேறன்றிப் பிறிதில்லாத கழிக்கு இத்துணைச் சிறப்பு எதனால் என்னும் ஐயம் எமக்கு நெடுநாள் இருந்தது.

கடலூரினின்று சிதம்பரம் செல்லும் ரயில், பரங்கிப்பேட்டையைக் கடந்ததும் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும். அவ்வாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் நிலையம் உளது. அத்துறை நூல்களைப் புரட்டியபோது எம் ஐயம் ஒருவாறு நீங்கிற்று. வெள்ளை இறால் கடலிலே இலட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சோ ஆங்குத் தங்குவதில்லை. ஒரு சென்டிமீட்டர் அளவினதாய் இருக்கும்போதே ஓதத்தோடு முகத்துவாரம் வழியே கழியுட் புகும். சுரபுன்னை வேர்களிடையே, இலை மட்கிய சேற்றில், சில திங்கள் உண்டு வளர்ந்து, பின்னர்க் கடலுக்கே மீளும். வங்கக் கடல் சிலவிடத்து 4,000 மீட்டருக்கு மேல் ஆழமுடையது. 200 மீட்டருக்குக் கீழே பயிரினம் வாழ ஒளி போதாது. அவ்வாழம் வியத்தற்குரியதே. ஆனால் எம் கரையோர் வலையில் விழும் இறால் இடுப்பளவு நீரில் வளர்ந்தது!

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரந்தது பிச்சாவரக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயர் தந்த மரத்தை இன்று காண விழைவோர் இக்காட்டுக்கே வரல் வேண்டும். (அதன் பால் கண்ணிற் படாது காத்துக்கொள்க.) இருபதாம் நூற்றாண்டிற் பல்லாண்டு இக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டினர். நிழலிழந்த நிலம் காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்திற் புகுந்த ஓதநீர் வெளியேறாது தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. அவ்வுப்பில் கன்று முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையாரும் ஊராரும் கூடி, மீன்முள் போலக் கிளைத்த கால்வாய்களை வெட்டி, ஓதம் வந்து மீள வழிசெய்தனர். உப்புக் குறைந்தது, நட்டவை தழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, திறந்த கரையூர்களினும் இக்காட்டின் பின்னிருந்த ஊர்கள் குறைந்த இழப்பே எய்தின என்பர் ஆராய்ந்தோர்.

சென்ற ஆண்டு மாணவர் சிலர் கூடி ஆங்குச் சென்றோம். ஓதம் வடியும் வேளை. இருளர் பெண்டிர் சிலர் கழுத்தளவு நீரில் அமர்ந்து, ஓலைப் பறியைப் பல்லிற் கவ்வி, இரு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். அன்றைய உலைக்கு அரிசி அதனால் வருவது என்றார் ஒருவர்; பேசியபடியே பறியை மீண்டும் கவ்விக் கொண்டார்.