கியர் மாற்றப் பழகும் விரல்கள்

பல வருஷமாக ஷிமானோ கியர் வைத்த ரோடு பைக்தான் ஓட்டினேன். இப்போது ஸ்ராம் டபுள்டேப்புக்கு மாறியிருக்கிறேன். ஷிமானோவில் வலது பிரேக் லீவரையே உள்பக்கமாகத் தள்ளினால் செயின் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும். பிரேக் லீவரை ஒட்டியுள்ள சின்ன லீவர் இறக்கும். ஸ்ராமில் பிரேக் லீவர் பிரேக்குக்கு மட்டும்தான். கியர் மாற்ற அதன் பின்னால் ஒரே லீவர். லேசாக ஒரு தட்டு, ‘டக்’ என்றதும் விட்டால் கியர் கனமாகும். அதையும் தாண்டி அழுத்தினால் லேசாகும்.

மேம்பாலம் ஏறும்போது விரல்கள் இன்னும் பழைய இடத்தைத்தான் தேடுகின்றன. ஆனால் ஏற்றம் வருவதற்கு முன்பே கியரைக் குறைக்கும் நல்ல பழக்கம் இதனால் வந்துவிட்டது.

புது ஷிஃப்டருக்கு மாறுகிறவர்கள் முதலில் நெரிசலில்லாத சமதளச் சாலையில் பழகுங்கள். கண் ரோட்டிலேயே இருக்கட்டும். விரல் தானாகப் பழகிவிடும்.