பெரியப்பாவும் யுஜிசி விதியும்

கல்யாண வீட்டுப் பந்தியில பெரியப்பா கேட்டாரு.
"பிஎச்.டி. எப்பப்பா முடிப்ப?"

யுஜிசி 2022 விதிமுறையை அப்படியே ஒப்பிச்சேன்.

குறைஞ்சது 3 வருஷம், பெரியப்பா.
அதிகபட்சம் 6.
மறுபதிவு பண்ணா இன்னும் 2.
பொண்ணுங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுக்கு மேல ஒரு 2.
ஆனா யாரா இருந்தாலும் 10-ஐத் தாண்டக் கூடாது.

"அப்ப டைம் இருக்குல்ல, சாப்பிடு"னுட்டாரு.

ஆய்வுத் தலைப்பைக் கேட்டா திக்குவேன். ரூல்ஸ் கேட்டா தூக்கத்துலயும் சொல்வேன். இதுக்கு ஒரு பட்டம் குடுத்தா தேவல!

கூடப் படிக்கிற அக்கா ஒருத்தங்க மகப்பேறு விடுப்பு கேட்டுப் போனாங்க.
"அப்படி ஒண்ணு இல்லையேம்மா"ன்னாராம் கிளார்க்.
240 நாள் வரை குடுக்கலாம்னு அதே விதியில இருக்கு.
பிரிண்ட் எடுத்துக் காட்டினதுக்கு அப்புறம்தான் ஃபைல் நகர்ந்துச்சு.

இன்னொரு கூத்து.
தீசிஸ் குடுக்க ஒரு ஜர்னல் கட்டுரை, ரெண்டு கருத்தரங்கு கட்டாயம்னு 2016 விதி சொல்லுச்சு. 2022-ல அந்தக் கட்டாயத்தை எடுத்துட்டாங்க. காசு வாங்கிட்டு எதையும் அச்சடிக்கிற ஜர்னல்களுக்கு அதுதான் தீனியா இருந்துச்சு, எடுத்தது நியாயம்தான்.
ஆனா பல்கலைக்கழகம் தானா ஒரு நிபந்தனை வெச்சுக்கலாம்ல?
வெச்சுக்கிட்டாங்க.

மேல தளர்த்துறாங்க, கீழ இறுக்குறாங்க. நடுவுல நாங்க கட்டுரையை அனுப்பிட்டு மெயிலைப் பார்த்துட்டே உக்காந்திருக்கோம்.

உங்க பல்கலைக்கழகத்துல இப்பவும் கட்டுரை கேக்குறாங்களா? எத்தனை?