ஓடிப்போனவள்

எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி "ஓடிப்போயிட்டா" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். லண்டனுக்கு வந்த இரண்டாம் வருடம், "இப்பல்லாம் சாயங்காலம் ஓடுதேம்மா" என்று போனில் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள்.

"யாரு கூடட்டி?"

"இருபது முப்பது பேரு கூட."

"அப்பம் சரி."

பாளையங்கோட்டையில் நான் ஓடியதே இல்லை. ஏழாம் வகுப்பு வரை ஓடியிருப்பேன். அதன்பிறகு யாரும் ஓடாதே என்று சொல்லவில்லை, நானாகவே நிறுத்திக்கொண்டேன். அப்பா இருந்தபோது வ.உ.சி. மைதானத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே ஆண்கள் ஓடுவார்கள். நானும் அம்மாவும் துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துவிட்டுக்கொண்டு நடப்போம். நடப்பதற்கு மேல் ஒரு வேகம் எங்களுக்கு உண்டு என்று எங்களுக்கே தெரியாது.

ஈஸ்ட் ஹாமில் அறை எடுத்தபிறகு முதலில் ஜிம்மில்தான் சேர்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் ஓடவேண்டும். இருபது நிமிடம் ஓடி, வியர்த்து, இறங்கினால் ஏறிய இடத்திலேயே நிற்போம். பிறகுதான் அந்த எந்திரத்தின் பூர்வீகத்தைப் படித்தேன். 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் இங்கிலாந்தின் சிறைக்கைதிகளுக்காக வடிவமைத்தது அது. பெரிய சக்கரத்தின் படிகளில் கைதிகள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கவேண்டும். சில சிறைகளில் அது மாவரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல சிறைகளில் எதையும் செய்யவில்லை, சும்மா சுற்றியது. 'காற்றை அரைப்பது' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தோடு அந்தத் தண்டனை முடிவுக்கு வந்தது. நான் மாதாமாதம் பணம் கட்டி அதில் ஏறிக்கொண்டிருந்தேன்.

கூடவேலை பார்க்கும் பெண்தான் குட்ஜிம் பற்றிச் சொன்னாள். 2009-இல் கிழக்கு லண்டனில் ஐவோ கோர்ம்லி என்பவர் தொடங்கியது. ஜிம்மில் இத்தனை பேருடைய உடல் சக்தி வீணாகப் போகிறதே, அதை ஏதாவது வேலைக்குத் திருப்ப முடியாதா என்பதுதான் யோசனை. குழுவாகச் சேர்ந்து சில கிலோமீட்டர் ஓடுவது, போய்ச்சேரும் இடத்தில் ஒரு வேலையை முடித்துக்கொடுப்பது, திரும்பவும் ஓடிவருவது. இதுபோல வேறு முயற்சிகளும் உண்டு. 2016-இல் ஸ்வீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவதைத் தொடங்கி அதற்கு 'பிளாகிங்' என்று பெயர் வைத்தார். இப்போது சென்னையிலும் பெங்களூரிலும்கூட ஆட்கள் பையும் கையுறையுமாக ஓடுகிறார்கள்.

நான் போன முதல் மாலை, மூன்று கிலோமீட்டர் ஓடி ஒரு பொதுத்தோட்டத்தை அடைந்தோம். வாசலில் ஒரு லாரி அளவுக்கு மக்கிய உரம் கொட்டிக்கிடந்தது. அதைப் பின்பக்கப் பாத்திகளுக்குக் கொண்டுபோக வேண்டும். நீளக் கைப்பிடி வைத்த மண்வாரியைக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டு மம்பட்டிதான். குனிந்து அதே மாதிரி வெட்டி இழுத்தேன். பக்கத்தில் நின்ற தாடிக்காரர் பார்த்துவிட்டு, அது இன்னும் வேகமாக இருக்கிறதே என்று தானும் அப்படிச் செய்துபார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் குவியல் காணாமல் போனது. கை கால் எல்லாம் வலித்தது. ஆனால் இந்தமுறை கிளம்பிய இடத்திலேயே நிற்கவில்லை. கண்ணெதிரே ஒரு மலை நகர்ந்திருந்தது.

சில மாதங்கள் கழித்து கோச்சிடம் என்னை அனுப்பினார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரமுடியாத முதியவர்களை வாரம் ஒருமுறை ஓடிப்போய்ப் பார்த்துவருவது இந்த அமைப்பின் இன்னொரு வேலை. பின்னணிச் சரிபார்ப்பெல்லாம் முடிந்தபிறகுதான் அனுப்புவார்கள். அந்த முதியவரைப் 'பயனாளி' என்றோ 'ஆதரவற்றவர்' என்றோ சொல்வதில்லை. கோச் என்றுதான் சொல்கிறார்கள். நம்மை ஓடவைப்பவர் அவர், அதனால் அவர்தான் பயிற்சியாளர். முதலில் கேட்டபோது விளம்பரக்காரர்களின் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன். நவம்பர் மாதத்து மழையில், இருட்டு கட்டிய சாயங்காலத்தில், கட்டிலிலிருந்து எழுந்து ஷூ மாட்டியபோதுதான் அது வெறும் பெயர் இல்லை என்று புரிந்தது. எனக்காக என்றால் அன்று எழுந்திருக்கமாட்டேன். அங்கே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் கோச்சுக்கு எண்பது தாண்டிவிட்டது. பிளேஸ்டோவில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போகும் வழியில் பெரும்பகுதி கிரீன்வே. பெயர் பசுமையாக இருந்தாலும் அது லண்டனின் பெரிய சாக்கடைக் குழாயின் முதுகு. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, நாடாளுமன்றத்திலேயே உட்காரமுடியாமல் போனபிறகு ஜோசப் பேசல்ஜெட் கட்டிய கழிவுநீர்ப் பாதைகளில் ஒன்று. மேலே புல்லும் நடைபாதையும். கீழே நகரத்தின் கழிவெல்லாம் பெக்டனை நோக்கி ஓடுகிறது. சில நாட்களில் வாசம் மேலே வரும். அந்த நாட்களில் இன்னும் வேகமாக ஓடுவேன்.

கதவைத் திறந்ததும் கோச் சொல்வது வணக்கம் இல்லை, மணி. "ஏழு பன்னிரண்டு. போன வாரம் ஏழு எட்டு." பிறகு டீ. இளவயதில் சில்வர்டவுன் சர்க்கரை ஆலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். இரண்டு பவுண்டு எடையைக் கையில் தூக்கியே சொல்லிவிடுவார். "எங்க ஊர்ல கரும்புச்சாறு காய்ச்சுற வாசம் ரோடு வரைக்கும் வரும்" என்று நான் சொன்னபோது, தான் வாழ்நாள் முழுக்கக் கரும்பையே பார்த்ததில்லை என்றார். அரைமணி நேரத்தில் பல்பு மாற்றுவேன், தபாலில் வந்த கடிதத்தின் சின்ன எழுத்துகளைப் படித்துச்சொல்வேன், பெரும்பாலும் பேச்சுதான்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்வேன். ஒருநாள் கேட்டாள்: "அந்தப் பாட்டிக்குப் பிள்ளைகள் இல்லையாட்டி?"

"ஒரு மகன். ஆஸ்திரேலியாவுல."

கொஞ்சநேரம் பேச்சில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள்.

செப்டம்பரில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். விடிகாலை ஐந்து மணி. போன் ஹாலில் கிடந்தது. எழுந்திருக்க முடியவில்லை. ஆறரைக்குப் பால்காரர் வந்து, கூப்பிட்டும் பதில் வராமல், பின்கட்டு வழியாக எட்டிப்பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எலும்பு முறியவில்லை, இடுப்பில் நல்ல அடி. எனக்குச் சொல்லக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான்கு நாள் கழித்து சித்திதான் வாய்தவறிச் சொன்னாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்மூர் காலை ஐந்து என்றால் லண்டனில் நள்ளிரவு பன்னிரண்டரை. அன்று புதன்கிழமை. அதாவது அன்று சாயங்காலம் நாலு கிலோமீட்டர் ஓடிப்போய், கோச்சின் குளியலறையில் கால் வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு போட்டுக்கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அந்தத் தூக்கத்தில்தான் அம்மா ஈரத்தரையில் கிடந்திருக்கிறாள்.

இதை வாசிப்பவர்களில் சிலர் உடனே ஒன்று சொல்வார்கள் என்று தெரியும். நம்மூரில் அக்கம்பக்கம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரனுக்குத்தான் இதற்கெல்லாம் அமைப்பு வேண்டும் என்று. 2018-இல் பிரிட்டன் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தபோது நானும் அப்படித்தான் சிரித்தேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஒட்டிய சுவர். அம்மா ஒன்றரை மணி நேரம் கூப்பிட்டிருக்கிறாள். ஒருபக்கம் பூட்டிய வீடு, மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஏசி போட்டுக் கதவடைத்துத் தூங்கியிருக்கிறார்கள். யார் மேலும் தப்பில்லை. அக்கம்பக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பாதி ஞாபகம்தான்.

இரண்டு வாரம் நான் ஓடப்போகவில்லை. ஊருக்குப் போய் பத்துநாள் இருந்துவிட்டு வந்தேன். வருவதற்கு முன், எதிர்த்த தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மாவிடம் பேசினேன். தினமும் சாயங்காலம் பிள்ளை வந்து அம்மாவை ஒருநடை பார்த்துவிட்டுப் போகட்டும், மாதம் இவ்வளவு தருகிறேன் என்று. அம்மாவுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

"என்னைய எட்டிப்பாக்க ஆளுக்கு சம்பளம் போட்டிருக்கியாட்டி? நான் என்ன சவமா கெடக்கேன்?"

பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

லண்டனில் ஒருங்கிணைப்பவர் செய்தி அனுப்பியிருந்தார். உனக்கு ஓடும்போது அடிகிடி பட்டுவிட்டதா என்று கோச் கேட்கிறார். போனேன். "ஏழு இருபத்தொன்று" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அழவும் செய்தேன். அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. டீயில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சர்க்கரை அதிகம் போட்டார். அப்புறம் கேட்டார்: "உன் அம்மா என்ன வேலை பார்த்தாள்?"

நான் ஒருநிமிடம் விழித்தேன். ஒரு வருடமாக அம்மாவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். முட்டுவலி, மாத்திரை, தனிமை எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. அம்மா முப்பத்தொரு வருடம் நடுநிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். பின்னமும் சதவீதமும் அவள் சொல்லிக்கொடுத்தால் சுவருக்கும் புரியும் என்பார்கள்.

அன்று திரும்பி ஓடிவரும்போது கிரீன்வேயில் வாசம் தூக்கியது. ஆனாலும் மெதுவாகத்தான் வந்தேன். நான் செய்தது என்ன என்று புரிந்தது. கோச்சைப் பார்க்க ஓடிப்போகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தேன். இங்கே ஒரு கிழவிக்குக் கிடைத்த கடிகாரமும் அதிகாரமும் என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

மறுபடி அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்தேன். இந்தமுறை பணத்தைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைக்குக் கணக்கில் எவ்வளவு மார்க் என்று கேட்டேன். மோசம்தான். அவர்களே போய் அம்மாவிடம் கேட்கட்டும் என்று சொன்னேன். அம்மா முதலில் பிகு செய்திருக்கிறாள். "ஆறு மணின்னா ஆறு மணி. லேட்டா வந்தா வெளிய நிக்கணும்" என்று நிபந்தனை போட்டிருக்கிறாள்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. கணக்கு படிக்க வருகிற பிள்ளை விடிகாலை ஐந்து மணிக்கு வீட்டில் இருக்காது. குளியலறையில் கைப்பிடி பதித்தாயிற்று, போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், மாட்டுவதில்லை. வாரம் ஒருவர் ஓடிவந்து பல்பு மாற்றுவதால் ஒரு நாட்டின் முதியோர் பிரச்சினை தீராது, அதற்கு அரசும் ஆஸ்பத்திரியும் சம்பளம் வாங்குகிற ஆட்களும் வேண்டும். "எப்பம் வருத?" என்று அம்மா கேட்பதும் நிற்கவில்லை. என்னிடம் அதற்குப் பதிலும் இல்லை.

போன வாரம் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவளை அழைத்தேன். சித்தி மகன் கல்யாணம், புளி விலை, முட்டுக்குப் போடும் எண்ணெய் என்று வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. சாதாரணமாக நான்தான் "வேலை இருக்கும்மா" என்று வைப்பேன். அவள் "சரி, சரி" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு நிமிடம் பேசுவாள். அன்று கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"வச்சிருட்டி, பிள்ளை வந்துட்டா" என்றாள். வைத்தும்விட்டாள்.

இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.