வாசல் குரோட்டன்ஸ்

அப்பா போன வருஷம், அம்மாவை என்னோடு டெல்லிக்கு அழைத்து வந்தேன். செட்டிகுளம் வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்ட அம்மா, கூடவே இரண்டு சாமான்களை எடுத்துக்கொண்டாள். ஒரு பை சின்ன வெங்காயம். வாசல் குரோட்டன்ஸில் அப்பா பதியம் போட்டு வைத்திருந்த ஒரு கன்று. ரயிலில் இரண்டு நாள், அந்தக் கன்று அவள் காலடியிலேயே வந்தது.

தீபாவளி வரை மஞ்சளும் சிவப்புமாக பால்கனியையே அமர்க்களப்படுத்தியது. டிசம்பரில் இலை கொட்ட ஆரம்பித்தது. செடிக்குத் தாகம் என்று நினைத்துக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே கொண்டுவந்து ரூம் ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். இன்னும் வேகமாகக் கொட்டியது. இலைக்கு அடியில் சிலந்திப்பேன் வலை வேறு!

நர்சரிக்காரர் சிரித்தார். ‘‘சார், இது இந்தோனேஷியாவின் மலுக்கு தீவுப் பக்கத்துச் செடி. பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனாலே தாங்காது. இங்கே ஜனவரியில் ஐந்து டிகிரி. குளிரில் வேர் தண்ணீர் குடிக்காது, ஊற்றினால் அழுகும். ஹீட்டர் காற்றோ ஈரத்தை உறிஞ்சிவிடும். பூச்சிக்கு அதுதான் கொண்டாட்டம்.’’

வீட்டுக்கு வந்தால், மொட்டைத் தண்டை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா. உள்ளே பச்சை. பால் துளிர்த்தது.

‘‘உசுரு இருக்குப்பா. தண்ணிய நிறுத்து. வெயில் விழற ஜன்னல்கிட்ட வச்சுட்டு, சும்மா விடு.’’

அப்போதுதான் அம்மாவைச் சரியாகப் பார்த்தேன். ஸ்வெட்டர், சாக்ஸ், கம்பளி, பக்கத்தில் ஹீட்டர், எதிரே டி.வி. எல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தேன். பேசத்தான் ஆள் இல்லை. சாவி இன்னும் முந்தானையில்தான் இருந்தது.

மார்ச்சில் துளிர் விட்டது. முதலில் வெறும் பச்சை. வெயில் ஏற ஏற, பழைய மஞ்சளும் சிவப்பும் வந்தது.

‘‘இனிமே இது பொழச்சுக்கும். என்னையக் கொண்டுபோய் ஊர்ல விட்டுடு தம்பி.’’

‘‘தனியா எப்படிம்மா இருப்பே?’’

‘‘என்ன தனி? பக்கத்து வீட்டுல வெங்காயம் அரியக் கூப்பிடுவாக. கிருத்திகைக்கு மலையேறணும். கரும்பு வச்சுக்கிட்டு நிக்கிறானே, அவன் தேட மாட்டானா?’’

கோபமாக வந்தது. ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன்.

இப்போது நவம்பர் பிறந்ததும் தொட்டியை ஜன்னலோரம் நகர்த்திவிடுகிறேன். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், அம்மா முதலில் என்னை விசாரிப்பதில்லை.

‘‘இலை கொட்டுதா?’’

‘‘ஒண்ணு ரெண்டும்மா.’’

‘‘சரி, விடு. அப்பா வச்ச செடி. சாவாது!’’